ஆறு சென்ட் வெளி வகுப்பறை: கடலூர்க் கரையோரத் தொடக்கப் பள்ளிக்கு ஒரு வேலைக் குறிப்பு

கடலூர், புதுச்சேரி கரையோர ஊர்களில் தொடக்கப் பள்ளிக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் சும்மா கிடப்பது வழக்கம். கொஞ்சம் சீமைக்கருவேல், உடைந்த பெஞ்சுகள், மழைக்காலத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். அந்த இடத்தைப் பிள்ளைகள் உட்கார்ந்து, தோண்டி, அளந்து, உற்றுப் பார்த்துப் படிக்கிற இடமாக மாற்றும் வேலைக்கான குறிப்பு இது. அளவுகள் எல்லாம் 20 மீட்டருக்கு 12 மீட்டர், அதாவது ஏறக்குறைய ஆறு சென்ட் நிலத்துக்கும், ஒரு நேரத்தில் வெளியே வரும் 30 பிள்ளைகளுக்கும் போட்டவை.

இப்படி அமைத்த இடங்கள் வீணாய்ப் போவதற்கு இந்தப் பக்கத்தில் இரண்டே காரணங்கள்தான்: ஐப்பசி, கார்த்திகையில் தேங்கும் தண்ணீர், மே மாத லீவு. எந்தச் செடி, என்ன வண்ணப் பலகை என்று பேசுவதெல்லாம் பிறகு. கையில் இருக்கும் பணத்தில் பாதியை மண் மட்டத்துக்கும் தண்ணீர் வழிக்கும் ஒதுக்கிவிட்டு மீதியில் திட்டம் போடுவது நல்லது.

மட்டமும் மண்ணும்

வேலையை மே, ஜூனில் தொடங்கி ஆகஸ்டுக்குள் மண்வேலையை முடிக்க வேண்டும். கொட்டிய மண் ஒரு கோடை மழையிலாவது நனைந்து இறங்கினால்தான் உண்மையான மட்டம் தெரியும். மட்டம் பார்க்க ரசமட்டம் போதாது. கொத்தனார்கள் பிடிக்கும் டியூப் லெவல்தான் சரி. 8 மி.மீ. கண்ணாடி ஹோஸ் 10 மீட்டர் வாங்கி, நீலம் கரைத்த தண்ணீரை நிரப்பி, உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு குமிழி இருந்தாலும் இரண்டு பக்கமும் மட்டம் பொய் சொல்லும். நான்கு மீட்டருக்கு ஒரு முளை வீதம் 24 முளை அடித்து, ஒவ்வொன்றிலும் ஒரே மட்டத்தைக் கோடு போட்டுவிட்டால், கோட்டிலிருந்து தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து எழுதிவிடலாம்.

சரிவு கட்டடத்தை விட்டு விலகி ஓட வேண்டும். 100-க்கு 1 போதும்: 20 மீட்டர் நீளத்துக்கு 20 செ.மீ. இறக்கம். அதற்கு மேல் சரித்தால் செம்மண் அரித்துக்கொண்டு போகும், பிள்ளைகள் பந்தாக ஓடும் எதையும் துரத்திக்கொண்டு வேலிக்குப் போவார்கள்.

இந்தச் சுற்றுவட்டத்தில் மூன்று வகை மண். கடலோரத்தில் மணல்; கெடிலம், தென்பெண்ணை ஆற்றோரங்களில் வெடிக்கும் வண்டல் களி; காலாப்பட்டு, கோரிமேடு பக்கம் செம்மண். மணலில் தண்ணீர் நிற்காது, சத்தும் நிற்காது. களியில் நேர்மாறு. செம்மண் மேல்தோல் இறுகி, பெய்ததெல்லாம் வழிந்தோடும். எதில் இருக்கிறோம் என்று பார்க்க 30 செ.மீ. நீள அகல ஆழத்தில் ஒரு குழி வெட்டி, ஒருமுறை நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்ப வேண்டும். இரண்டாவது தண்ணீர் ஒரு நாளுக்குள் வடிந்தால் அங்கே மழைப்பள்ளம், அதாவது கூரைத் தண்ணீரை வாங்கி மண்ணுக்குள் இறக்கும் பள்ளம், அமைக்கலாம். ஆனால் மே மாதத்தில் இந்தச் சோதனை ஏமாற்றும். கடலோரத்தில் நிலத்தடி நீர் மழைக்காலத்தில் மேலே ஏறிவிடும். கோடையில் மூன்று மணி நேரத்தில் வடிந்த குழி கார்த்திகையில் நிரம்பியே நிற்கும். பள்ளிக்கு அருகில் கிணறு இருந்தால், போன மழைக்கு அதில் தண்ணீர் எந்த உறை வரை ஏறியது என்று ஊர்க்காரர்களிடம் கேட்பது குழியை விட நம்பகம்.

மேடாக்கக் கொட்டும் சவுடு மண்ணில் கண்ணாடித் துண்டு, ஆணி, பார்த்தீனியம் விதை எல்லாம் வரும். மேல் 15 செ.மீ. மண்ணை 12 மி.மீ. சல்லடையில் சலித்தே போட வேண்டும். சலிப்புக்கு ஆள்கூலி ஆகிறதே என்று விட்டுவிட்டால், செருப்பில்லாமல் மண்ணில் இறங்கும் பாடம் எதையும் அங்கே நடத்த முடியாது.

கூரைத் தண்ணீர்

12 மீட்டருக்கு 6 மீட்டர் கூரை என்றால் 72 சதுர மீட்டர். நழுவியது போக 85 சதவீதம் வந்தாலும், 50 மி.மீ. மழைக்கு 3,000 லிட்டர் கொட்டும். 200 லிட்டர் டிரம் ஒன்றை வைத்துவிட்டு மழைநீர் சேமிப்பு என்று எழுதி வைப்பவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை: மூன்றரை மி.மீ. மழைக்கே அது நிரம்பிவிடும். டிரம் வைக்கலாம், பூவாளி நிரப்ப வசதி. ஆனால் அதன் வழிதல் குழாய் 75 மி.மீ.க்குக் குறையாமல், நேரே மழைப்பள்ளத்துக்குப் போக வேண்டும்.

பள்ளம் 4 மீட்டருக்கு 2 மீட்டர், ஆழம் 20 செ.மீ. மட்டும். கரை செங்குத்தாக வேண்டாம், அரை மீட்டர் அகலத்தில் சாய்வாக. தண்ணீர் விழும் இடத்தில் கைப்பிடி அளவு கருங்கல் பரப்பினால் அரிப்பு இருக்காது. உள்ளே வெட்டிவேர் நடுவதுதான் இந்தப் பக்கத்துக்குப் பொருத்தம். நொச்சிக்காடு, தியாகவல்லி மணலில் அதைப் பயிராகவே போடுகிறார்கள், நாற்று கிடைக்கும். 20 செ.மீ. இடைவெளி. இலையோரம் லேசாக அறுக்கும், அதனால் ஓரத்தில் வல்லாரையும் நடுவில் வெட்டிவேரும். சேம்பு வேண்டாம். தண்டை ஒடித்து வாயில் வைக்கும் பிள்ளை ஒன்று எல்லா வகுப்பிலும் இருக்கும், தொண்டை அரித்துத் துடித்துப் போகும்.

நிழல்

2004 ஜூலை 16 கும்பகோணம் தீ விபத்தில் 94 பிள்ளைகள் போன பிறகு பள்ளிக்குள் கீற்றுக்கு இடமில்லை. அழகுக்காகக் கூட ஒரு தென்னங்கீற்றுக் குடில் போடக் கூடாது. நிழல் மரத்தால்தான் வர வேண்டும். மரம் வளரும் வரை பச்சை வலை.

மரத்தில் தென்னை முதலில் கழிகிறது, காயும் மட்டையும் விழும். முருங்கையில் மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடை அடையாக இறங்கும், கிளையும் சுலபமாக முறியும். மயில்கொன்றை பார்க்க அழகு, காற்றுக்கு நிற்காது. 2011 டிசம்பர் 30 தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியபோது முந்திரி, பலா எல்லாம் வேரோடு சாய்ந்ததை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கரையோரத்துக்குப் புன்னையும் பூவரசும், உள்ளே தள்ளி இருந்தால் புங்கனும் வேம்பும். பூவரசில் அவசரக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு: கைமணிக்கட்டு பருமனில் இரண்டு மீட்டர்ப் போத்தை (வெட்டிய கிளையை) புரட்டாசிக் கடைசியில் 60 செ.மீ. ஆழத்தில் நட்டால் மழையிலேயே துளிர்த்துவிடும். அதன் காயில் மொய்க்கும் சிவப்புப் பூச்சிகள் கடிக்காது, எண்ணிப் பழக நல்ல பாடம். இந்த மண்ணுக்கே உரிய வீரை, காசா போன்ற மெதுவாக வளரும் மரங்களின் கன்றுகளை ஆரோவில் பகுதியில் வளர்க்கிறார்கள். வேலியோரம் இரண்டு மூன்று வைத்தால் பத்து வருடம் கழித்துப் பயன் தெரியும்.

பச்சை வலைக்கு நான்கு கால், 50 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், 3.2 மீட்டர் நீளம். 70 செ.மீ. மண்ணுக்குள், 45 செ.மீ. சதுரக் குழியில் சிமெண்ட், மணல், ஜல்லி 1:2:4 கலந்த கான்கிரீட். வலை 6 மீட்டருக்கு 5 மீட்டர், வெயில் தாங்கும் ரகம், 50 சதவீத நிழல். 90 சதவீத வலை காற்றோட்டத்தைத் தடுக்கும், அடியில் புழுக்கம் தாங்காது. மூலைகளை உருவு முடிச்சில் கட்ட வேண்டும். அக்டோபர் முதல் வாரம் வலையைக் கழற்றி மடித்து வைத்துவிட வேண்டும். புயல் காற்றில் வலை கிழிவது சின்ன நஷ்டம், வலை கிழியாமல் காலைப் பிடுங்குவதுதான் பெரிய ஆபத்து.

உட்காரும் வட்டம்

மரத்தைச் சுற்றி சிமெண்ட் மேடை கட்டுவது நம் ஊர்ப் பழக்கம். மரத்துக்கு அது மெதுவான சாவு: வேரின் மேல் மண்ணை ஏற்றி மூடினால் காற்றும் தண்ணீரும் போகாது. வட்டத்தின் நடுவில் மரம் இருந்தால் எதிரில் உட்கார்ந்த பிள்ளை கரும்பலகையும் பார்க்க முடியாது. வட்டத்தை மரத்துக்கு வடமேற்கில் தள்ளிப் போட வேண்டும். வருடத்தில் பெரும்பாலான மாதங்களில் காலை பத்து மணிக்கு நிழல் விழுவது அந்தப் பக்கம்தான்.

ஒரு பிள்ளைக்கு 45 செ.மீ. என்று 30 பேருக்கு 13.5 மீட்டர். நுழைய, வெளியேற ஒரு மீட்டர் வழி இரண்டு. மொத்தச் சுற்றளவு 15.5, விட்டம் ஏறக்குறைய 5 மீட்டர். நடுவில் முளை அடித்து இரண்டரை மீட்டர்க் கயிற்றில் சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போடும் வேலையை ஐந்தாம் வகுப்பிடமே கொடுத்துவிடலாம். 90 செ.மீ. நீளம், 30 அகலம், 10 கனமுள்ள கருங்கல் பலகை 15 வேண்டும். ஒன்று 70 கிலோவுக்கு மேல் இருக்கும், நான்கு ஆள் இல்லாமல் தூக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு செங்கல் கால். எட்டுப் பலகைக்கு 30 செ.மீ. உயரம், ஏழுக்கு 35. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கால் தரையைத் தொடாவிட்டால் பத்து நிமிடத்தில் நெளிய ஆரம்பித்துவிடும். செங்கல் காலுக்குக் குழி தோண்டும்போது இரண்டு விரல் கனத்துக்கு மேல் வேர் வந்தால் வேரை வெட்டாமல் காலை நகர்த்த வேண்டும். பலகையைச் சும்மா வைத்தால் ஓரத்தில் ஏறி நிற்கும்போது கவிழும், கலவையில் பதித்தே ஆக வேண்டும். முனைகளை மழுக்கித் தரச் சொல்லிக் கல் பட்டறையிலேயே வாங்குவது நல்லது.

ஆசிரியர் மேற்குப் பக்கம் அமர்ந்தால் காலை வெயில் அவர் முகத்தில்தான் அடிக்கும், பிள்ளைகளுக்கு முதுகில். கண் கூசும் பிள்ளை பாடம் கேட்காது, ஆகவே இதில் ஆசிரியர்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

நிழல் குச்சி

மொத்தச் செலவில் மிகக் குறைந்ததும், வருடம் முழுக்கப் பாடம் தருவதும் இதுதான். மரமோ கட்டடமோ மறைக்காத இடத்தில் 1.2 மீட்டர் சதுரத்தில், டியூப் லெவல் பிடித்து, துல்லியமான மட்டத்தில் ஒரு சிமெண்ட் தளம். நடுவில் மண்வெட்டிக் காம்பு நுழையும் அளவு பைப் துண்டைத் தரையோடு தரையாகப் பதித்து, பாடம் நடக்கும்போது மட்டும் காம்பைச் செருக வேண்டும். நிரந்தரமாக நட்டால் ஓடி விழும் பிள்ளையின் கண்ணுக்கு ஆபத்து. தளத்துக்கு மேல் சரியாக 50 செ.மீ. நிற்கட்டும்.

கடலூர் அட்சரேகை 11.75 பாகை வடக்கு. டிசம்பர் 21 உச்சிப்பொழுதில் நிழல் வடக்கே 35 செ.மீ. விழும். மார்ச் 21-ல் வடக்கே 10. ஜூன் 21-ல் அதே 10 செ.மீ., ஆனால் தெற்கே. உச்சி நிழல் எப்போதும் வடக்கே விழும் என்று பெரியவர்களே நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரத்தில் இதைக் காட்டினால் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சண்டை போடுவார்கள். இடையில் வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல் 21, ஆகஸ்ட் 21 ஒட்டிய நாட்களில், நிழலே இல்லாமல் போகும். ஏப்ரல் நாள் பெரும்பாலும் தேர்வு, லீவில் போய்விடும்; ஆகஸ்டைக் குறித்துக்கொள்ளலாம், மேகம் விட்டால் உண்டு.

பலர் தவறுவது நேரத்தில். கடிகாரத்தில் 12 ஆனால் உச்சி ஆகாது. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது, கடலூர் அதற்கு மேற்கே. சராசரியாக 11 நிமிடம் தாமதம். பூமியின் ஓட்டத்தால் அதுவும் மாறும்: நவம்பர் தொடக்கத்தில் 11.55-க்கே உச்சி, பிப்ரவரி நடுவில் 12.25-க்கு. நேரம் பார்க்காமல் 11.45 முதல் 12.30 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்து, எது மிகக் குட்டையோ அதை உச்சி என்று எடுத்துக்கொள்வதே சரியான முறை. அந்தக் கோடுதான் தெற்கு வடக்கு. திசைக்கு வேறு கருவி தேவையில்லை.

பக்கத்திலேயே மழைமானி. இரண்டு லிட்டர் பாட்டிலில் பக்கம் நேராக உள்ளதைத் தேடி, கழுத்தை வெட்டிக் கவிழ்த்து உள்ளே செருக வேண்டும். அடி குழிந்திருப்பதால் கூழாங்கல் போட்டு, நேர்ப்பக்கம் தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்யம் குறிக்க வேண்டும். இதைச் செய்யாமல் அடியிலிருந்து அளந்தால் சின்ன மழை எல்லாம் தப்பாக வரும். சுவரின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைக்க வேண்டும். புயல் நாளில் இதை நம்ப முடியாது: 2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் பெய்தது, பாட்டில் கொள்ளாது.

பட்டாம்பூச்சிப் பாத்தி

பாத்தி அகலம் 90 செ.மீ., இரண்டு பக்கமும் நடைபாதை. அதற்கு மேல் அகலமாக்கினால் சின்னக் கை நடுவுக்கு எட்டாது, செடிக்குள் கால் வைப்பார்கள். பூவுக்காக மட்டும் செடி வைத்தால் பட்டாம்பூச்சி வந்து போகுமே தவிர அங்கே பிறக்காது. முட்டையிடச் செடி வேண்டும்: கறிவேப்பிலை நான்கு, எலுமிச்சை இரண்டு, ஆவாரை ஆறு, நெட்டிலிங்கம் ஒன்று. பூவுக்கு இட்லிப்பூ. உன்னிச்செடி வேண்டாம், பரவினால் அடங்காது.

கறிவேப்பிலையில் முதல் சில நாள் புழு பறவை எச்சம் மாதிரியே இருக்கும், கறுப்பும் வெள்ளையும் கலந்து, ஈரப் பளபளப்போடு. தெரியாதவர் தட்டிவிட்டுப் போவார். கடைசித் தோல் உரித்ததும் இலைப் பச்சைக்கு மாறும். அப்போது ஒரு துரும்பால் தலைக்குப் பின்னால் லேசாகத் தொட்டால் செந்நிற இரட்டைக் கொம்பு ஒன்று வெளியே நீண்டு, காட்டமான வாடை அடித்துவிட்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். முட்டையிலிருந்து சிறகு வரை மூன்று, நான்கு வாரம். ஒரு மாதப் பாடத்துக்குள் அடங்கும். இலை கடிபடுவதைப் பார்த்து யாராவது நல்லெண்ணத்தில் வேப்பெண்ணெய் அடித்தால் எல்லாம் முடிந்தது. நர்சரிக் கன்றுகளில் ஏற்கெனவே மருந்து ஏறியிருக்கும்; புதுத் துளிர் இரண்டு சுற்று வரும் வரை புழு பிழைக்காது.

எருக்கில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி நிச்சயம் வரும், ஆனால் பால் கண்ணில் பட்டால் தீங்கு. வேலிக்கு வெளியே, கை எட்டாமல் பார்க்கும் தூரத்தில் விடலாம். அரளி, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி இவற்றைப் பிடுங்கிவிட வேண்டும். முக்கியமாகக் காட்டாமணக்கு: பள்ளி வேலியில் சாதாரணமாக நிற்கும், கொட்டை கடலை போல ருசிக்கும், கூட்டாகத் தின்று கூட்டாக வாந்தி எடுப்பார்கள். வேலிக்கு நொச்சியும் ஆடாதோடையும் போதும், ஆடு கடிக்காது.

பாம்பு, மணல், தண்ணீர்த் தொட்டி

தலைமையாசிரியர் கேட்கும் முதல் கேள்வி, பாம்பு வருமா? வரும். அதனால் கட்டைக் குவியல், கற்குவியல் இரண்டும் வேண்டாம். பதிலாக 40 செ.மீ. சதுரத்தில் நான்கு சிமெண்ட் பலகைகளை ஈர மண்ணில் தனித்தனியாகப் பதித்து, ஒரு ஓரத்தில் கம்பி வளையம் வைக்கலாம். வளையம் உள்ள ஓரம் தனக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி நின்று, அதைக் கொக்கியால் தன் பக்கம் இழுத்துத் தூக்க வேண்டும். திறப்பு எதிர்ப்பக்கம் இருக்கும், பலகையே தடுப்பாகும். தூக்குவது ஆசிரியர் மட்டும், பிள்ளைகள் அவருக்குப் பின்னால். மரவட்டை, மண்புழு, கறையான், சில நேரம் பூரான். பெரிய ஆப்பிரிக்க நத்தையைக் கையால் தொடக் கூடாது, இடுக்கி.

மணல் குழி 3 மீட்டருக்கு 2 மீட்டர், ஆழம் 40 செ.மீ.; அடியில் போடும் ஜல்லி போக, ஒரு யூனிட்டில் (நூறு கன அடியில்) ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மணல் பிடிக்கும். எம்-சாண்ட் கூடாது, துகள் கூர்மை, தூசி மூச்சுக்குள் போகும். கடற்கரையில் அள்ளுவது சட்டப்படியும் தப்பு, உப்பும் கூட. அடியில் 10 செ.மீ. ஜல்லி, மேலே பச்சை வலை இரண்டு மடிப்பு, அதற்கு மேல் மணல். மாலையில் மூடாவிட்டால் பூனை, நாய் அதைக் கக்கூஸாக்கும். கொக்கிப்புழுவுக்கு அதுதான் வழி.

குளம் வெட்டுவதற்குப் பதில் மூன்று அடி விட்டமுள்ள சிமெண்ட் உறை ஒன்றைத் தரைக்கு மேல் வைத்து அடி பூசினால் போதும். 25 செ.மீ. தண்ணீர், 160 லிட்டர். மேலே 5 செ.மீ. கண்ணி வெல்டு மெஷ் மூடி, பூட்டோடு. புதுச் சிமெண்டில் நேரே மீன் விட்டால் மறுநாள் மிதக்கும், சுண்ணாம்புக் காரம். இரண்டு மூன்று வாரத்தில் மூன்று முறை தண்ணீர் மாற்றிய பிறகே அல்லிக்கிழங்கும், நெற்றியில் வெள்ளிப் பொட்டு மின்னும் வாய்க்கால் மீன் எட்டுப் பத்தும் விட வேண்டும். கொசுப்புழுவை அவை பார்த்துக்கொள்ளும்.

உப்புக்காற்றும் மே மாதமும்

சாதாரண இரும்புக் கம்பி இரண்டு மழைக்குள் தோலுரியும். ஜி.ஐ. பைப்பிலும் வெட்டிய முனை, வெல்டிங் வைத்த இடம் இரண்டும் முதலில் துருப்பிடிக்கும். துத்தநாகப் பெயிண்ட் அடிக்க வேண்டும். போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ். சவுக்குக் கழி மலிவு, ஆனால் மண்ணுக்குள் போன பகுதி ஒன்றிரண்டு வருடத்தில் கறையானுக்கு. வேலிக்கு ஆறடிக் கருங்கல் கால்தான் கணக்கு. லேமினேஷன் செய்த பெயர்ப்பலகை ஒரு மழைக்குத் தாங்காது. உடைந்த டைல்ஸ் துண்டில் ஆயில் பெயிண்டால் எழுதி மண்ணில் சாய்த்து நடலாம், மரத்தில் ஆணி அடிக்க வேண்டாம்.

மே லீவுக்குச் செடி ஒவ்வொன்றின் அருகிலும் மெருகு பூசாத ஐந்து லிட்டர் மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, மூடி போட வேண்டும். பானையைச் சுற்றி ஓர் அடி ஈரமாக இருக்கும், நான்கு நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். 8 செ.மீ. கனத்துக்குத் தென்னைமட்டை நறுக்கல் மூடாக்கு. நிரப்பும் ஆள் யார், குழாய்ச் சாவி யாரிடம் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஏப்ரலிலேயே எழுதி வைத்து, பக்கத்து வீட்டு அக்காவுக்கோ அண்ணனுக்கோ மாதக் கூலியும் பேசிவிட வேண்டும். சும்மா பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனால் பதினைந்தாம் நாளுக்கு மேல் பானை காய்ந்திருக்கும்.